ஐயாயிரம் கிலோமீட்டர் என்று சுந்தரேசன் சொன்னது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்து நீங்கள் முகம் சுளிப்பதைவிட இது மேல். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மனிதநேயம், சமூக அக்கறை, அப்படி எந்த மண்ணாங்கட்டியும் இதற்குப் பின்னால் இல்லை. என் சகலை, அதாவது என் மனைவியுடைய தங்கையின் புருஷன், மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கார் வாங்கினார். சந்தைக்கும் ஆபீசுக்கும் போய்வருகிற காரென்றால் நானும் கைகொடுத்துவிட்டுப் போயிருப்பேன். இது முந்நூறு குதிரைச்சக்தி. கையால் மாற்றும் ஆறு கியர். கருநீலம். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காதவர்களில் சிலர் சண்டை போடுவார்கள், சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் கதை எழுத உட்காருவேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். கதையில் சகலையின் பெயர் நிதீஷ். நான் கதையில் கிடையாது. எனக்குப் பதிலாக சுந்தரேசன் என்று ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "தமிழாசிரியர் சுந்தரேசன் சிங்கப்பூர் செங்காங் வீட்டுச் சன்னலோரம் நின்று கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தார். அங்கே—"

அதோடு நிறுத்திவிட்டேன். எஞ்சின் விஷயத்தில் தமிழாசிரியர் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? இந்தக் கதை நடக்க, ஒருவர் சொல்வதை இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "பொறாமை என்பது—"

வேண்டாம். அது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாம் தொடக்கம்: "காக்கி புக்கிட்டில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சுந்தரேசன் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறான். இப்போது ஃபோர்மேன்."

இது நிற்கும். (நானும் காக்கி புக்கிட்டில் ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை செய்கிறேன். அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தற்செயல்.)

சுந்தரேசனுக்குக் காது அப்படி. கார் ஷட்டருக்குள் நுழையும்போதே, "மூணாவது சிலிண்டர் சரியில்ல லா, ப்ளக்கைப் பாரு" என்பான். பாய்ந்து ஓடுகிற கார்களை ஓட்டிக்கொண்டு எத்தனையோ பேர் அவனைத்தான் தேடி வருவார்கள். வேலை முடிந்ததும் டெஸ்ட் டிரைவ். முனையிலிருக்கும் டிராஃபிக் லைட் வரை போய்த் திரும்பி வருவது. அவ்வளவுதான் அவனுக்குக் கொடுத்துவைத்தது. அவனிடமிருந்த பழைய காருக்குப் பத்து வருட உரிமம் முடிந்தது. புதுப்பிக்க வழியில்லாமல் ஸ்கிராப்புக்குக் கொடுத்தான். நாலு வருடமாக எம்ஆர்டி ரயில்தான். ஊரார் காரையெல்லாம் தொட்டுத் துடைத்து ஓடவைக்கிறவன், கையில் கறையோடு ரயிலில் கம்பியைப் பிடித்து நின்று வீட்டுக்குப் போவான்.

3

வெள்ளிக்கிழமை காலை, சிராங்கூன் ரோடு கோயிலில் கார் பூஜை.

நிதீஷ் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். மெலிந்த ஆள், கண்ணாடி, கம்ப்யூட்டர் வேலை. எட்டு வருடம் முன்னால் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து, சுதாவைக் கட்டி, பொங்கோலில் காண்டோ வீடு வாங்கி, இப்போது இது. சுந்தரேசனின் மனைவி வைதேகி, அவள் தங்கை சுதா, இருவரையும் பெற்ற பஞ்சவர்ணம், எல்லாரும் வந்திருந்தார்கள். குருக்கள் மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். டயரில் எந்த இடத்தில் வைத்தால் நழுவாது என்று நிதீஷுக்குத் தெரியவில்லை. சுந்தரேசன்தான் குனிந்து வைத்தான்.

"அண்ணே, ஃபர்ஸ்ட் நீங்க எடுங்க. உங்க கை பட்டா நல்லாருக்கும்," என்றான் நிதீஷ்.

சுந்தரேசன் உட்கார்ந்தான். மீட்டரில் பத்தொன்பது கிலோமீட்டர். கிளட்ச் காலுக்குக் கச்சிதமாக இருந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் ஒருமுறை உறுமி அடங்கியது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு பழமும் நசுங்கின. கார் ஐந்தடி முன்னால் போனது.

பிறகு இறங்க வேண்டியிருந்தது.

பஞ்சவர்ணம் கற்பூரத்தை ஏற்றிக் காரைச் சுற்றினார். "ஊரு கண்ணு, உறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு, எல்லாம் போகட்டும்!" உறவு கண்ணு என்னும்போது சுந்தரேசன் குனிந்து நசுங்கிய பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

4

பூஜை முடிந்து ரேஸ்கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு.

"அண்ணே, புது எஞ்சினை ஆரம்பத்துல ஓட்டிப் பழக்கணுமாமே, ரன்னிங்-இன்னு. சேல்ஸ்மேன் ஏதோ சொன்னான், ஒண்ணும் ஏறல. புக்கு இவ்வளவு தடிமன். அதை எதுக்குப் படிக்கணும், அண்ணன் இருக்கும்போது? நீங்க சொல்லுங்க, நான் அப்படியே ஓட்டுறேன்."

சுந்தரேசன் வாயைத் திறப்பதற்குள் பஞ்சவர்ணம் முந்திக்கொண்டார். "பெரிய மாப்பிள்ளைக்குக் கார் ரிப்பேர் பண்ணத் தெரியும், சின்ன மாப்பிள்ளைக்குக் கார் வாங்கத் தெரியும். எனக்கென்னடியம்மா கவலை!"

எல்லாரும் சிரித்தார்கள். வைதேகிகூடச் சிரித்தாள். சுந்தரேசனும் வாயில் அப்பளத்தோடு சிரித்தான்.

"ஐயாயிரம் கிலோமீட்டர்," என்றான் பிறகு.

"ஐயாயிரமா?"

"இந்த மாதிரி எஞ்சினுக்கு ஐயாயிரம், சகலை. அதுவரைக்கும் எஞ்சின் சுத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம் தாண்டக்கூடாது. முட்டை மேல கால வைக்கிற மாதிரி மிதிங்க. எக்ஸ்பிரஸ்வேல ஏறி, க்ரூஸ் கண்ட்ரோலை எழுபதுல போட்டு விட்டுடுங்க. ஒரே ஸ்பீடு. அதான் முக்கியம்."

நிதீஷ் சாப்பிடுகிற கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் போனில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டான்.

வாரநாளில் நிதீஷ் ரயிலில்தான் ஆபீஸ் போவான் என்று சுந்தரேசனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நூறு கிலோமீட்டர் ஓட்டினால், ஐயாயிரம் ஆக ஒரு வருடம் பிடிக்கும். சிங்கப்பூரில் காருக்கு ஆயுசே பத்து வருடம். அதில் ஒரு வருடம் அந்தக் கார் எருமை மாதிரி நடக்கட்டும். மனசு நிறைந்த மாதிரி இருந்தது. ரசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தான்.

5 (கார் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். போனால் சுந்தரேசனை லேசாக விட்டுவிடுவீர்கள், அதனால் போகாதீர்கள்.)

எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருக்கும், ரிங் என்போம். அது உரசுகிற சிலிண்டர் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். ஆரம்ப நாட்களில் ரிங்கும் சுவரும் உரசி உரசி ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்ள வேண்டும். பொருந்த அழுத்தம் வேண்டும். மிதிக்கணும், விடணும், ஏத்தணும், இறக்கணும், வேகத்தை மாத்திக்கிட்டே இருக்கணும். எடுத்த எடுப்பில் முழுசாக மிதிக்கக்கூடாது, அது சரி. ஆனால் தாலாட்டவும் கூடாது. ஒரே வேகத்தில் மெதுவாகவே ஓட்டினால் சுவர் வழவழவென்று ஆகிவிடும். ரிங் பிடிக்காது. எஞ்சின் ஆயிலைக் குடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் முதல் ஆயிரத்தைந்நூறு, மிஞ்சிப்போனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் நடந்தாக வேண்டும்.

ஐயாயிரம் என்று சொன்னது வயிற்றெரிச்சல். அதை நான் ஒத்துக்கொள்கிறேன், நீங்களும் மன்னித்துவிடுவீர்கள். ஆளைக் கொஞ்ச நாள் காயப்போடுவது, அவ்வளவுதான். ஆனால் அந்த "ஒரே ஸ்பீடு"? அதை எதற்குச் சொன்னான்? இருபத்திரண்டு வருடம் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவனுக்குத் தெரியாதா அது என்ன செய்யும் என்று? அந்த வரியை மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். அவன் சொன்னான், நான் என்ன செய்ய?

6

ஞாயிற்றுக்கிழமைதோறும் சுந்தரேசனின் போனுக்குப் படம் வரும். மீட்டரின் படம்.

"அண்ணே 212."

"அண்ணே 430. லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுட்டே ஓவர்டேக் பண்றான். நான் அசையலையே!"

"அண்ணே 655. சுதா திட்டுறா. சைக்கிள்லயே போயிருக்கலாமாம். ஹா ஹா. ரெண்டாயிரத்து இருநூறு தாண்டல."

ஒருமுறை பேருந்து ஒன்று நிதீஷைத் தாண்டிப் போய்விட்டதாம். முந்நூறு குதிரைச்சக்தி! சுந்தரேசன் அதை ஒர்க்‌ஷாப்பில் அஸ்மத்திடம் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். அஸ்மத் கூட வேலை பார்க்கிற ஆள், பதினைந்து வருடப் பழக்கம். அவன் சிரிக்கவில்லை. "ஒரே ஸ்பீடா ஓட்டுறாரா? யாரு அண்ணே அப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டான்.

"யாரோ," என்றான் சுந்தரேசன்.

7

இங்கே கதை என்னிடம் தகராறு பண்ணியது. சுந்தரேசன் மேல் உங்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வர வேண்டுமென்றால், நிதீஷ் கெட்டவனாக இருந்தாக வேண்டும். முயன்று பார்த்தேன்:

"நிதீஷ் கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, 'உங்களால எல்லாம் இந்த ஜென்மத்துல—'"

சொல்லமாட்டான். அவன் வாயில் அது வரவே வராது. எட்டு வருடம் முன்னால் சாங்கி ஏர்போர்ட்டில் அவனைக் கூட்டிவரப் போனது சுந்தரேசன்தான், அந்தப் பழைய காரில். வழியில், "இங்க பலகை வெச்சிருந்தாத்தான் யூ-டர்ன் போடலாம், நம்ம ஊரு மாதிரி நெனச்ச இடத்துல திருப்பினா மாட்டிக்குவீங்க," என்று சொல்லிக்கொண்டு வந்தான். இன்றைக்கும் யார் புதிதாக வந்தாலும் நிதீஷ் அதைச் சொல்வான்: "இது எங்க அண்ணன் சொல்லிக்கொடுத்தது."

இன்னொன்றும் இருக்கிறது. எழுத வேண்டாம் என்று பார்த்தேன். பழைய காரை ஸ்கிராப்புக்குக் கொண்டுபோன அன்று நிதீஷ் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. "தனியா விட்டுட்டு வர்றதுக்குக் கஷ்டமா இருக்கும்ல அண்ணே," என்றான். திரும்பும்போது இருவரும் பஸ்ஸில் வந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒருத்தன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? திட்டவும் முடியாது, விடவும் முடியாது. கெட்டவனாக இருந்தால் எவ்வளவு வசதி!

8

ஆயிரத்து நூற்று எண்பது கிலோமீட்டரில் ஆயில் விளக்கு எரிந்தது.

நிதீஷ் நேராகச் செங்காங்கில் சுந்தரேசன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். பிளாக்குக்குப் பக்கத்துக் கார் பார்க்கில் சுந்தரேசன் பானட்டைத் திறந்து, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவினான். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. புது எஞ்சின், ஆயிரத்துச் சொச்சத்தில்.

"வண்டி வித்த ஏஜெண்டுக்குப் போன் பண்ணினேன். புது வண்டின்னா கொஞ்சம் குடிக்கும், ஊத்திக்கங்கன்னு சொல்றான். நார்மலா அண்ணே?"

சுந்தரேசன் குச்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என் தப்பா?" நிதீஷின் குரல் இறங்கிவிட்டது. "போன வாரம் ஒரு தடவை மூவாயிரம் போயிடுச்சு அண்ணே. பின்னாலயே லாரி வந்து ஒட்டிட்டான், பயத்துல மிதிச்சுட்டேன். ஒரு செகண்டுதான். உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். அதனாலயா?"

அந்த ஒரு செகண்டுதான் எஞ்சினுக்கு நடந்த ஒரே நல்லது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "இல்ல சகலை, அதனால இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆயிலை ஊற்றினான். கொஞ்சம் வெளியே சிந்தியது. நிதீஷ் தன் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தான்.

"அப்ப இன்னும் மெதுவா ஓட்டுறேன் அண்ணே. அறுபதுல போறேன்," என்றான்.

மேலே வந்ததும் வைதேகி கேட்டாள். "என்னங்க, மூஞ்சியே சரியில்ல. வண்டிக்கு என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ஆயில்."

"அவரு உங்கள அப்படி நம்புறாரு," என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு விஷயம் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று எனக்கே தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது. (சுந்தரேசனுக்கு. கேட்க சுந்தரேசனுக்குப் பயமாக இருக்கிறது.)

9

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) சுந்தரேசன், "வண்டிய ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, செக் பண்றேன்," என்கிறான். சாவியை வாங்கிக்கொண்டு ஜொகூர் பாலம் தாண்டி மலேசியாவில் வடக்கே நெடுஞ்சாலையில் ஏறுகிறான். மூன்றாவது கியர், இரண்டாயிரத்திலிருந்து மிதித்து நாலாயிரத்து ஐந்நூறு வரை, காலை எடுத்து இறங்கவிட்டு, மறுபடி மிதித்து, மறுபடி விட்டு. எஞ்சின் முதல்முறையாக வாய்விட்டுப் பேசுகிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. சாயங்காலம் ரிங் பொருந்திவிட்டது, ஆயில் குறையவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இதை எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டு பக்கம் எழுதிவிட்டுத்தான் உறைத்தது: அடப்பாவி, பொய்யையும் மறைத்து, காரையும் ஆசை தீர ஓட்டிவிட்டான்! திருடனுக்கு விருந்து வைத்த மாதிரி. கிழித்துப் போட்டேன்.

ஆ) சுந்தரேசன் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறான். நிதீஷ், "பரவால்ல அண்ணே, யாருக்குத்தான் இருக்காது," என்று தோளில் கைபோடுகிறான்.

அவன் அப்படித்தான் சொல்வான். அதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. காரும் அவனுடையது, பெருந்தன்மையும் அவனுடையதா?

இ) சுந்தரேசன் வாயைத் திறப்பதேயில்லை. எஞ்சின் போகிறது. நிதீஷ் சாகிறவரை, "மூவாயிரம் ஆர்பிஎம் போயிட்டேன், என் தப்புதான்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இதை எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

10

இவ்வளவு நேரம் வாசகர்கள், நீங்கள் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். ஏதோ ஆயிரம் பேர் படிக்கிற மாதிரி. உண்மையைச் சொன்னால், எழுதி முடித்ததும் என் கதையைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவேன். பதினோரு பேர் இருக்கிறார்கள். மனைவி கட்டைவிரலைக் காட்டுவாள், படிக்கமாட்டாள். மாமியாருக்குக் கண் மங்கல், போனில் எழுத்துத் தெரியாது. மற்றவர்கள் அது வந்ததே தெரியாதவர்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள் ஒருத்தர்தான். படித்துவிட்டு, "அண்ணே, அந்த இடம் சூப்பர்," என்று எந்த இடம் என்பதையும் சொல்லி எழுதுவார்.

சகலை, நீங்கள்தான்.

வாழையிலை முன்னால் உட்கார்ந்து ஐயாயிரம் என்று சொன்னது நான். ஒரே ஸ்பீடு என்று சொன்னதும் நான். அதைச் சொல்லும்போது அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சுந்தரேசன் என்று யாரும் கிடையாது. உங்களைக் கூப்பிட்டு நேரில் சொல்ல நாலு நாள் போனை எடுத்தேன், நாலு நாளும் வைத்தேன். கதையாக எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கதையிலும் கடைசிப் பக்கம் வரைக்கும் வேறொருத்தன் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நேற்று நீங்கள் அனுப்பிய படத்தில் 1,340. இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. க்ரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும், இருபது நிமிடம். எக்ஸ்பிரஸ்வேயில் பின்னால் யாரும் ஒட்டி வராதபோது இரண்டாவது கியர், நாற்பதிலிருந்து எண்பது வரை நன்றாக மிதியுங்கள். காலை எடுத்து அதுவாக நாற்பதுக்கு இறங்க விடுங்கள். பிரேக் வேண்டாம். பதினைந்து தடவை. நடுவில் கொஞ்சம் ஆறவிடுங்கள். அடுத்த முந்நூறு கிலோமீட்டரும் வேகத்தை மாற்றிக்கொண்டே ஓட்டுங்கள். காரோடு வந்த புத்தகத்தில் நாற்பத்து ஏழாம் பக்கத்தில் இதில் பாதி இருக்கிறது. நான் படித்துப் பார்த்தேன். இனிமேல் நான் சொல்வதை நம்பாதீர்கள், அதைப் படியுங்கள். ஆயில் அப்புறமும் இறங்கினால் ஏஜெண்டிடம் போய், இன்னார்தான் இப்படி ஓட்டச் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லுங்கள். மாமியாரிடமும் சொல்லலாம். மூவாயிரம் போனது உங்கள் தப்பில்லை.

கதைக்கு முடிவு நான் எழுதப்போவதில்லை. சுந்தரேசனை என்ன செய்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். "பரவால்ல அண்ணே" என்று மட்டும் எழுதாதீர்கள், அதைத் தாங்குகிற வயிறு எனக்கு இல்லை. திட்டுங்கள். ஒரு மாதம் பேசாமல் இருங்கள். அது போதாதென்றால் ஒரு வருடம்.

இரண்டாவது கியரில் நீங்கள் மிதிக்கும்போது மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும் அந்தச் சத்தம் மாறும். மற்ற கார்களில் நான் அதை டிராஃபிக் லைட் வரைக்கும் கேட்டிருக்கிறேன், உங்கள் காரில் கேட்டதில்லை. முதலில் கேட்கப்போவது நீங்கள். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்ட பிறகும், சகலை, எனக்கு அதில் பொறாமையாகத்தான் இருக்கிறது.